அரை லிட்டர் முறுக்கு

பெட்டிக்கு ஆறு திருகாணி.
ஆறில் ஒன்றை அரைச்சுற்று கூட்டினால்
பிளாஸ்டிக்குக்குள் முடிபோல ஒரு கீறல் விழும்.
அன்று தெரியாது.
மூன்றாம் மழையில் தண்ணீர் குடித்து
ஏதோ ஓர் எஸ்டேட் வளைவில் அணைந்துபோய்த்
திரும்பி வரும் சோலார் விளக்கு,
சேற்றோடு,
உள்ளே செத்த ஈசலோடு.
பெட்டிக்கு நாற்பது ரூபாய் பிடித்தம்.

காந்தல் ஷெட்டில் எட்டுப் பேர்.
பியூலா திருகினால் பெட்டி கிறீச்சிடும்.
நஞ்சி திருகியது நாலே நாளில் தானாகக் கழலும்.
"முறுக்கு ஜாஸ்தி" என்று பியூலாவின் பெயருக்கு நேரே
சூப்பர்வைசர் எழுதியது
திருகாணியைப் பற்றித்தானா,
இன்றுவரை தெரியவில்லை.

திங்கட்கிழமைக் கை வேறு.
சனிக்கிழமைக் கை வேறு.
வீட்டுக்காரனோடு பேசாமல் பஸ் ஏறிய கை
அது வேறு ஜாதி.

ஜெர்மன்காரன் கருவி ஒன்று உண்டாம்.
விலை கேட்டு முதலாளி சிரித்த சிரிப்பில்
ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது.

நான் லேத்தில் நிற்பவள்.
படத்தை அறுத்துப் பார்க்க முடியாது.
உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது?
ஒரு குழி, குழியில் ஒரு குண்டு,
குண்டின் தலையை அமுக்க ஒரு ஸ்பிரிங்.
அளவு தாண்டினால் குண்டு குழியைவிட்டு ஏறும்,
பிடி சுற்றும், முனை நிற்கும்.
அவ்வளவுதான்.
அவ்வளவுக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

சைக்கிள் கடையில் ஒன்றரை நூல் குண்டு மூன்று.
உறைக்கு பிவிசி குழாய்த் துண்டு.
பேனா ஸ்பிரிங் நோஞ்சான்,
ஸ்டவ் ஸ்பிரிங் முரடு,
பழைய கேஸ் லைட்டரில் இருந்தது பேச்சுக்கு வந்தது.
குழியை ஆழமாகப் போட்டேன், குண்டு ஏறவே இல்லை.
மேலாகப் போட்டேன், தொட்டதற்கெல்லாம் நழுவியது.
கால் நூல் ஆழத்தில் நின்றது,
அதுவும் ஏழு குழாய் பாழான பிறகு.

சரி, எவ்வளவு முறுக்கு என்று எதை வைத்து அளக்க?
முனையை வைஸில் கடிக்கவிட்டு,
பிடியில் பத்து சென்டிமீட்டர் தகடு கட்டி,
தகட்டின் நுனியில் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன்.
அரை லிட்டருக்குப் பிடி அசையக்கூடாது.
இன்னும் ஒரு மடக்கு ஊற்றியதும்
டக்.
ஷெட்டில் அதன் பெயரே அரை லிட்டர்.
எண்பத்து மூன்று ரூபாய்,
என் கூலியைச் சேர்க்காமல்.

டிசம்பர் முடிய ஒரு கீறல் இல்லை.
ஜனவரியில் திரும்பவும் வந்தது.
காலை எட்டுக்கும் பத்துக்கும் இடையில் பூட்டிய பெட்டிகளில் மட்டும்.
சூப்பர்வைசர் பியூலாவைப் பார்த்தார்.
பியூலா என்னைப் பார்த்தாள்.
நான் பாட்டிலைத் தேடினேன்.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய்த் தொங்கவிட்டேன்.
அறுநூறு மில்லி. ம்ஹூம்.
எழுநூறு. ம்ஹூம்.
ஊர்ப் பெயர் காந்தல்,
வெளியே புல்லெல்லாம் உறைபனி.
உள்ளே, நல்லது என்று நான் தாராளமாக அப்பிய கிரீஸ்
மார்கழி நெய்யாக இறுகி
மூன்று குண்டையும் குழியிலேயே பிடித்து வைத்திருந்தது.
பியூலாவின் கையில் குற்றமில்லை.
என் கை போட்ட கிரீஸ்.

மண்ணெண்ணெயில் கழுவினேன்.
அவள் மகனின் பென்சிலைச் சீவி
ஊக்கின் கரியைப் பொடித்துத் தூவினேன்.
குளிருக்குக் கரி மசியாது.
காலையும் அரை லிட்டர்,
மத்தியானமும் அரை லிட்டர்.
பிடித்த காசைத் திருப்பித் தரும்படி எழுதிக் கொடுத்தேன்.
தாள் இன்னும் மேசையில்தான் இருக்கிறது,
மேலே ஒரு டீ டம்ளர் வட்டம்.

நேற்று அவள் பக்கத்தில் குனிந்து
விழுந்த நட்டு ஒன்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
காலையில் பஸ்ஸிலிருந்து யாரோடும் பேசாமல் இறங்கியிருந்தாள்.
டக். டக். டக்.
ஆறு திருகாணிக்கு
ஒன்பது எண்ணினேன்.
மிச்சம் மூன்று யாருக்கு என்று
கேட்கவில்லை.
பெட்டி விரியவில்லை.